கதிர் முற்றிய வேளையில் எழுந்த மதில்

வெள்ளியாற்றின் மேல் எழுந்த முழுமதி, தென்கரையில் பாதி எழும்பி நின்ற கோட்டை மதிலையும், வடகரையில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தலைசாய்த்து நின்ற செந்நெற்கதிர்களையும் ஒருசேரப் பாலொளியில் நீராட்டிக்கொண்டிருந்தது. அடடா, என்ன அழகு என்று வியந்து நிற்க நமக்கு நேரமில்லை, அன்பர்களே! கதிர் அறுக்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் மதிலுக்குக் கல் சுமந்துகொண்டிருந்தார்கள்.

குற்றம் யாருடையது? நெடுங்கரை நாட்டின் இளம் அரசி எழிலார்நங்கையுடையதுதான். ஆனாலும் அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. முன்பு மழை பொய்த்து, ஏரும் தறியும் ஓய்ந்து, ஜனங்கள் ஊரைவிட்டுக் கிளம்பத் துணிந்தபோது, அரண்மனைக் களஞ்சியத்தைத் திறந்து, பேரேரியைத் தூர்வாரியவர்களுக்கெல்லாம் அந்திதோறும் கூலி நெல் அளந்து கொடுத்த மகராசி அவள். அந்த நெல் கூலியாட்களிடமிருந்து குயவனிடமும், குயவனிடமிருந்து நெசவாளனிடமும் போயிற்று. படுத்துக் கிடந்த தொழிலெல்லாம் எழுந்து உட்கார்ந்தன. அடுத்த மழையில் ஏரியும் நிரம்பிற்று. இன்றும் அந்நாட்டுப் பெண்கள் அரசியை வாழ்த்திவிட்டுத்தான் உலையில் அரிசி போடுகிறார்கள். அன்று பலித்தது என்றும் பலிக்கும் என்று பாவம், அவள் நம்பி, இப்போது மதில் வேலைக்கும் கூலி நெல் அளக்கத் தொடங்கிவிட்டாள்.

மதில் வேலையைப் பார்வையிட அமைச்சர் அம்பலவருடன் அவள் வந்தபோது, வேலைக் கண்காணி வெண்காடன் வழிமறித்து வணங்கினான். வறட்சியில் ஏரி வெட்ட வந்து, உழைப்பால் உயர்ந்த வாலிபன். அவனைக் கண்டதும் அரசியின் முகம் சற்றே சிவந்ததை அமைச்சர் கவனிக்கவில்லை, நாம் கவனித்துவிட்டோம்.

"தேவி! இந்த வேலையை நிறுத்தியருள வேண்டும்."

"அடே, யார் முன் பேசுகிறாய்?" என்று சீறினார் அம்பலவர். "ஏரி வேலைக்குக் கூலி கொடுத்தபோது நாடு பிழைக்கவில்லையா?"

"பிழைத்தது, ஐயா. சும்மா கிடந்த கைகளுக்குத் தேவியார் அன்று வேலை கொடுத்தார்கள். இன்று எந்தக் கை சும்மா இருக்கிறது? இங்கே கல் தூக்கும் கையெல்லாம் வயலிலிருந்து இழுத்து வந்தவை. உழவர்கள் கூலியை ஏற்றினால் நாம் அதற்கு மேல் ஏற்றுகிறோம். விலைதான் ஏறுகிறது, விளைச்சலில் ஒரு மணி கூடவில்லை. இன்னும் தாமதித்தால் கதிர் உதிர்ந்து மண்ணோடு போகும்!"

"மேலைமலைப் பகைவர் வந்தால் மதில் வேண்டாமோ?" என்றாள் அரசி.

"கதிர் உதிர்ந்து தங்கள் நாடு பசியால் தளரும் நாளுக்குத்தான் மேலைமலை மன்னர் காத்திருக்கிறார்."

"அது உமக்கு எப்படித் தெரியும்?"

வெண்காடன் தலைப்பாகையை அவிழ்த்து அவள் காலடியில் வைத்தான்.

"நான் அவருடைய தம்பி விடங்கன். ஒற்றறிய வந்தவன்."

அம்பலவரின் வாள் உறையை விட்டுப் பாய்ந்தது. விடங்கன் அசையவில்லை.

"வந்த வழியில் பசியால் விழுந்தேன், தேவி. ஏரிக்கரையில் யார், எவர் என்று கேட்காமல் எனக்கும் தங்கள் கையால் நெல் அளந்தீர்கள். அந்தச் சோற்றுக்குத் துரோகம் செய்ய என்னால் முடியவில்லை. இது தாங்கள் கொடுத்த உயிர், எடுத்துக்கொள்ளுங்கள்."

எழிலார்நங்கையின் கண்கள் நிறைந்தன. எதிரே அறுவடைக்குக் காத்திருந்த வயல்களை நெடுநேரம் பார்த்தாள்.

"என் நாட்டைக் காப்பாற்றினீர், நன்றி, இளவரசே!" என்று கைகூப்பினாள். பிறகு திரும்பி, "அம்பலவரே, முரசறையச் சொல்லுங்கள். அறுவடை முடிந்து கைகள் ஓயும்வரை இந்த மதிலில் ஒரு கல்லும் ஏறக் கூடாது. எல்லாரும் வயலுக்குப் போகட்டும்" என்றாள்.

"உத்தரவு, தேவி. இந்த ஒற்றனை என்ன செய்வது?"

"வயலில் ஆள் போதாதே! இவருக்கு ஓர் அரிவாள் கொடுங்கள்" என்றாள் அரசி. "எனக்கும் ஒன்று."