செம்புத் தகட்டில் ஒரு கட்டைவிரல்

அடைமழை. கள்ளிக்குப்பத்தில் மத்தியானம் மூணு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்து, கரண்டும் போயிருந்தது. வீடியோ கேம் பெட்டி ரிப்பேர் பார்க்கும் தப்ரேஸ் கடை ஷட்டரைப் பாதி இறக்கியபோதுதான் அவள் குனிந்து உள்ளே வந்தாள். தான் தொப்பலாய் நனைந்து, கையிலிருந்த பெட்டியை மட்டும் ரெயின்கோட்டில் சுற்றியிருந்தாள். மழைத்துளி தொங்கும் இமைகள்... அதற்குள் இரண்டு பெரிய கண்கள். போச்சுடா, என்றது அவன் மனசு.

"பூந்தமல்லிலேர்ந்து வரேன். போக வேண்டிய கடை மூடிகீது. இது பத்து நிமிஷத்துல சூடாகி அணைஞ்சிடுது. பார்ப்பீங்களா?"

"மூடப்போற நேரம்... சரி, உட்காருங்க. பேரு?"

"பெட்டிக்கா, எனக்கா?"

"ரெண்டுக்கும்."

"நான் மஹீரா. அதுக்கு இன்னும் வைக்கல."

எமர்ஜென்சி லைட்டில் ஸ்க்ரூக்களைக் கழற்றினான். சூடு தாங்குவதற்காக யாரோ கூடுதல் ஃபேனும் ஹீட்சிங்க் உலோகத் துண்டுகளும் வைத்து மாற்றியிருந்த பழைய பெட்டி. சிப்பின் மேல் உட்கார்ந்திருந்த பெரிய ஹீட்சிங்க்கைத் தூக்கினான். அடியில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்கு விட்டிருந்தது.

"எந்தப் புண்ணியவான் பூசினது? அரிசி அளவு வச்சா போதும். இட்லிக்குச் சட்னி மாதிரி அப்பிகீறான்."

"எங்க அண்ணன் ஃபாரூக்," என்றாள். "மௌத்தாகி நாலு வருஷம் ஆச்சு."

அவனுக்குச் சுருக்கென்றது. அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீங்க ஒண்ணும் பார்க்க வேணாம்."

"மன்னிச்சுக்கங்க. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்."

அவன் முகத்தைப் பார்த்தாள். பிடி மெல்லத் தளர்ந்தது.

"உள்ள அவர் கைரேகை கீதாம். நீ நோண்டினா எனக்குத் தெரிஞ்சிடும்னு மிரட்டுவாரு. தினம் மஃரிப் தொழுதுட்டு இதுகிட்டதான் பேசுவேன். பேசினா ஃபேன் வேகமா சுத்தும்... சிரிக்காதீங்க. அவர் துணிமணியெல்லாம் தானம் குடுத்துட்டாங்க. அந்த ரேகை ஒண்ணுதான் மிச்சம். அதை மட்டும் துடைச்சிடாதீங்க."

லைட்டை நெருக்கினான். ஹீட்சிங்க்கின் அடியிலிருந்த செம்புத் தகட்டின் ஓரத்தில், சிப் படாத இடத்தில், சாம்பல் நிறப் பேஸ்ட்டில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டு.

தப்ரேஸ் தன் கட்டைவிரலைப் பார்த்தான். பதினேழு வயசில் தகரம் கிழித்த தழும்பு. அதே சாய்வு.

எட்டு வருஷத்துக்கு முன்னால், பூந்தமல்லியில் வேலை பழகிக்கொண்டிருந்தபோது அவனே பூசிய பேஸ்ட். சட்னி அப்பிய புண்ணியவான் அவனேதான்.

வாயை மூடிக்கொண்டால் போதும். ரேகை அவளுக்கு அண்ணனாகவே இருக்கும். அவளும் திரும்பத் திரும்ப வருவாள்... "சரிங்க, துடைக்கல. உங்க அண்ணன்..." என்று ஆரம்பித்தான்.

க்ர்ர்ர்...

பெட்டியின் ஃபேன் மெதுவாகச் சுற்றியது. ஒயர் தனியாக மேசைமேல் கிடந்தது. கடையில் கரண்ட் இல்லை, காற்றுகூட இல்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஃபேன் நிற்கவே இல்லை. யாரோ பதிலுக்குக் காத்திருப்பது போல...

"மஹீரா... அது என் விரலு." கையை வெளிச்சத்தில் நீட்டினான்.

ஃபேன் நின்றது.

அவள் தழும்பைப் பார்த்தாள். ரேகையைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"இங்க பாருங்க." அவன் காட்டிய இடத்தில், சின்னச் சிப்புகள் மேல் நாலு குட்டி ஹீட்சிங்க். மூன்று நேராக, ஒன்று கோணலாக. "மூணு நான் ஒட்டினது. கோணலா கீதே, அது பெட்டியைக் கொண்டாந்த உங்க அண்ணன் ஒட்டினது. தங்கச்சி விளையாடுற பெட்டி, நானும் ஒண்ணு ஒட்டுவேன்னு அடம். எல்லாமே நான்தான் பண்ணேன்னு ஊட்ல சொல்லப்போறேன், மாட்டி உட்றாத நைனான்னாரு. சரின்னேன்... இப்ப மாட்டி உட்டுட்டேன்."

அவள் அந்தக் கோணலை விரலால் தொட்டாள். ரொம்ப நேரம் விரலை எடுக்கவில்லை. கண்ணீர் வழிந்தது, கூடவே ஒரு சிரிப்பும். "அவர் எதையுமே நேரா ஒட்டினதில்ல."

"நான் பொய் சொல்லியிருக்கலாம்ங்க. ஆனா உங்களைப் புடிச்சுப்போச்சு. அதான் முடியல."

வெளியே மழை கொட்டியது. அவள் மெல்லக் கேட்டாள். "அப்போ நாலு வருஷமா... அழுதது, பொண்ணு பார்க்க வந்தவனை வேணாம்னது, எல்லாத்தையும் உங்க விரல்கிட்டயா சொல்லிகினு இருந்தேன்?"

"எனக்கு ஒண்ணுமே கேட்கலைங்க. முதல்லேர்ந்து சொல்றீங்களா?"

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் பேஸ்ட்டைத் துடைக்கத் துணியை எடுத்தான்.

"நடுவுல மட்டும் துடைங்க," என்றாள், அவனைப் பார்க்காமல். "அந்த விரலு அப்படியே இருக்கட்டும்."