அக்கா கேட்ட படங்கள்

“அந்த மரப்பெஞ்சுப் படத்துல ஒருத்தர் நிக்கறாரே, யாருடா அது?” என்று அக்கா கேட்டபோது அவன் சமையலறையில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தான். கை அப்படியே நின்றது. அந்தப் படத்தில் யாரும் கிடையாது. ஆளில்லாத பெஞ்சு வேண்டும் என்பதற்காகத்தான் போன ஞாயிற்றுக்கிழமை மழை விட்ட கையோடு பூங்காவுக்கு ஓடிப்போய் அதை எடுத்தான்.

“யாரும் இல்லியேக்கா.”

“இல்லாமலா என் போன் படிக்குது? பெஞ்சுக்குப் பக்கத்துலயே ஒருவர் நிற்கிறார்னு சொல்லுச்சு. நீ எழுதினதைத்தானே அது படிக்கும்?”

“ஏதாவது தப்பா அடிச்சிருப்பேன்.”

“தப்பா அடிச்சா எழுத்து மாறும். ஆளா வந்து நிப்பாங்க?” என்று சிரித்துவிட்டு அக்கா தேநீருக்குக் கை நீட்டினாள்.

அவன் பொய்ப்பல் செய்யும் கூடம் ஒன்றில் வேலை பார்ப்பவன். பகலெல்லாம் மெழுகும் சுண்ணாம்புத் தூளுமாக, யார் யாருடைய ஈறுகளின் அச்சையோ கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வீட்டுக்கு வந்து கை கழுவியதும் உட்காருவது கம்ப்யூட்டர் முன்னால். பதினோரு வருடங்களாகச் சொந்தமாக ஒரு இணையதளம் வைத்திருந்தான். எடுக்கும் படங்களை அதில் போடுவான். நடந்து திரிந்த கதைகளைப் பக்கத்திலேயே ஒரு வலைப்பதிவாக எழுதுவான். யாரும் படிக்கச் சொல்லவில்லை, யாரும் பெரிதாகப் படிக்கவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு பக்கத்தையும் ரெடிமேட் டெம்ப்ளேட் எதுவும் இல்லாமல் தன் கையாலேயே வரி வரியாக அடித்துக் கட்டியிருந்தான். அதில் அவனுக்கு ஒரு வீம்பு.

ஐந்து வருடங்களுக்கு முன் அக்காவுக்குக் கண் அழுத்தம் முற்றிப் பார்வை போனது. அதன்பிறகு அவள் அவனோடுதான் இருக்கிறாள். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் செயலியைப் போனில் போட்டுக் கொடுத்த முதல் வாரமே சண்டைக்கு வந்தாள். “உன் சைட்டைத் திறந்தா இது படம், படம், படம்னு கத்துது. என்ன படம்னு எனக்கு எவன் சொல்றது?” அன்றிலிருந்து ஒன்றரை வருடம், ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து, அதுவரை இருந்த படங்களுக்கெல்லாம் விளக்கம் எழுதினான்; அதன்பிறகு போட்டவற்றுக்கும் உடனுக்குடன் எழுதி, இப்போது மொத்தம் அறுநூற்று நாற்பது. பார்வையுள்ளவர்களின் திரையில் தெரியாத, படத்துக்கு அடியில் மறைந்திருக்கும் இரண்டு மூன்று வரிகள். அக்காவின் போன் மட்டும் அவற்றைப் படிக்கும்.

தேநீரைக் கொடுத்துவிட்டு அறைக்குள் போய் அந்தப் பக்கத்தைத் திறந்தான்.

மரப்பெஞ்சு. அதன்மேல் உதிர்ந்த இலைகள். பக்கத்தில் ஈரமான நடைபாதை. இதுவரை அவன் எழுதியது. நான்காவது வரி: பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார்.

படத்தைப் பெரிதாக்கினான். பெஞ்சுக்குப் பக்கத்தில் ஈரம் மட்டும் மின்னியது. இன்னும் பெரிதாக்கினான். சாம்பல் நிறக் கட்டங்களாக உடையும்வரை பெரிதாக்கிப் பார்த்தான். ஒன்றுமில்லை. அந்த வரியை அழித்தான். சேமித்தான். பதிவேற்றினான். தூக்கக் கலக்கத்தில் எதையாவது அடித்திருப்போம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு எழுந்தான்.

“எடுத்துட்டேன்க்கா.”

“எதை? அந்த ஆளையா?” அக்கா கோப்பையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். “அப்ப மத்த படத்துல எல்லாம்?”

“மத்த படம்னா?”

“எல்லாத்துலயும் வர்றாரேடா. உனக்குத் தெரிஞ்சவர்னு நினைச்சேன். கூட நடக்க வர்ற சிநேகிதரோ என்னவோ, நீயா சொல்லட்டும்னு விட்டுட்டேன். முன்னாடி ரொம்பத் தூரத்துல நிப்பார். இப்பல்லாம் கிட்ட வந்துட்டார்.”

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருட உழைப்பையும் ஒரே சொல்லால் சலித்துப் பார்த்துவிடலாம். அறைக்குத் திரும்பி, எல்லாக் கோப்புகளிலும் ‘ஒருவர்’ என்று தேடச் சொன்னான். பட்டியல் திரையை நிரப்பி, கீழே இறங்கி, இறங்கிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. அறுநூற்று முப்பத்தொன்பது. அவன் சற்று முன் அழித்த ஒன்றைத் தவிர அத்தனையும்.

தேதிவாரியாகப் படித்தான். பதினோரு வருடத்துக்கு முந்தைய முதல் படம்: வறண்ட மேடு, அதன் உச்சியில் புள்ளியாக ஒருவர். அப்புறம் ஏரிக்கு அக்கரையில் ஒருவர். பாலத்தின் மறுமுனையில் ஒருவர். வேலை பார்க்கும் தெருவின் திருப்பத்தில் ஒருவர். போன வருடம், வீட்டுக்கு எதிர்ச் சாரியில், மூடிய கடை வாசலில் ஒருவர். நான்கு மாதத்துக்கு முன்னால் மாடிப்படியின் வளைவைச் சாய்வு வெளிச்சத்துக்காக எடுத்திருந்தான். மூன்றாவது படியில் ஒருவர். போன மாதம் சமையலறை ஜன்னலில் வைத்த தண்ணீர்க் குவளை, அதன் வழியே தலைகீழாகத் தெரியும் தெரு. அந்தப் படத்தின் கடைசி வரி, குவளைக்குப் பின்னால், ஜன்னலுக்கு உள்பக்கமாக ஒருவர் நிற்கிறார் என்று முடிந்தது.

படங்களில் யாரும் இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். யாருமே இல்லை.

அவனை அதிகமாக உறுத்தியது அந்த வரிகளின் நடை. அவன் எழுதுகிற மாதிரியேதான் எழுதியிருந்தது. அதே அளவு. அதே நிறுத்தம். அவனுடைய பழக்கப்படியே, என்ன செய்கிறார், எப்படி இருக்கிறார் என்ற ஆராய்ச்சியெல்லாம் இல்லாமல், இருக்கிறார் என்பதோடு நிறுத்திக்கொள்ளும் கை.

இணையதளத்துக்கு இடம் கொடுத்திருக்கும் நண்பனைக் கூப்பிட்டான். பத்துப் பேரின் தளங்களைத் தன் சர்வரில் வைத்துப் பராமரிப்பவன், எதற்கும் பதறாதவன். யாரோ உள்ளே புகுந்து விளையாடுகிறார்கள், கொஞ்சம் பார் என்று அவனிடம் சொன்னான். மறுநாள் மாலை, அவன் பல் கூடத்திலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருக்கும்போது நண்பனே அழைத்தான்.

“அலசிப் பார்த்துட்டேன். வெளி ஆள் யாரும் வரல. எல்லாம் உன் கணக்குலேர்ந்துதான் ஏறியிருக்கு. உன் வீட்டு இணைப்பு, உன் கம்ப்யூட்டர்.”

“எத்தனை மணிக்கு?”

“பகல் பதினொண்ணுக்கு. வேலை நாள் ஒண்ணு விடாம. அஞ்சு நிமிஷம் ஆறு நிமிஷம், அவ்வளவுதான். ஏண்டா, ஆபீசை ஏமாத்திட்டு வீட்டுக்கு வந்து இந்தக் கூத்தா அடிக்கறே?”

அவன் சிரிக்க முயன்றான். பகல் பதினோரு மணிக்கு அவன் ஒருநாளும் வீட்டில் இருந்ததில்லை. அந்த நேரத்தில் வீட்டில் அக்கா மட்டும்தான் இருப்பாள்.

அக்காவைச் சந்தேகப்பட்டது அவனுக்கே அருவருப்பாக இருந்தது. அவன் கம்ப்யூட்டரில் படித்துச் சொல்லும் செயலியே கிடையாது. இருந்தாலும் அவள்தான் என்று தெரிந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி என்று நினைத்தபடியேதான் படியேறினான். மூன்றாவது படியைக் கால் தானாகத் தாண்டியது.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளைத் தொட்டுத் தொட்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நான் இல்லாதப்ப என் கம்ப்யூட்டரைத் தொட்டியா?”

“அதைத் தொட்டு நான் என்ன பண்ண?” துண்டை நான்காக மடித்து நீவினாள். “நீதான் தினம் வந்து தட்டிட்டுப் போறியே.”

“எப்ப?”

“பதினோரு மணி வாக்குல. ரேடியோவுல செய்தி ஆரம்பிக்கறப்ப நாற்காலி இழுபடற சத்தம் கேக்கும். அப்புறம் டக்டக்னு அடிப்பே. கொஞ்ச நேரத்துல போயிடுவே. வேலைக்கு நடுவுல ஓடி வர்றியே, அப்படி என்ன அவசரம்னு நினைச்சுப்பேன்.”

“நீ கூப்பிட்டதில்லையா?”

“கூப்பிடாம? எத்தனை தடவை. பதில் பேசமாட்டே. ஆனா நான் கூப்பிட்ட உடனே தட்டறதை நிறுத்திடுவே. எழுந்து வந்து இந்த வாசல்ல கொஞ்ச நேரம் நிப்பே. மூச்சு கேக்கும். அப்புறம் போயிடுவே.” மடித்த துண்டை அடுக்கில் வைத்துவிட்டுக் கை ஓய்ந்தாள். “ஏண்டா, நீ இல்லியா?”

“நான்தான்,” என்றான். வேறு என்ன சொல்வது?

அன்று மாலையே தளத்தை அழித்தான். பதினோரு வருடத்தையும் பிரதி எதுவும் வைத்துக்கொள்ளாமல். சர்வரில் இருந்ததை, வீட்டில் இருந்ததை, வலைப்பதிவை, படங்களை, எல்லாவற்றையும். உறுதியா என்று கம்ப்யூட்டர் கேட்டது, ஆமாம் என்றான். மறுபடி கேட்டது. ஆமாம். பிறகு மின் கம்பியைப் பிடுங்கிச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டான். பூட்டு ரிப்பேர்க்காரரைக் கூட்டிவந்து வாசல் பூட்டை மாற்றினான்.

அக்கா அதைப் போனில் கண்டுபிடித்தபோது கத்தவில்லை. “எல்லாத்தையுமா?” என்றாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்,” என்றாள். சாப்பிட வரவில்லை. அவன் அவள் அறை வாசல்வரை போய், அங்கே நிற்கப் பிடிக்காமல் திரும்பி வந்துவிட்டான்.

மறுநாள் லீவு போட்டான்.

நல்ல வெயில். எதிர் வீட்டுக் கொடியில் போர்வைகள் காய்ந்தன. கீழ்த் தளத்தில் யாரோ தரையைத் தேய்த்துக் கழுவும் பிரஷ் சத்தமும், சோப்பு நுரையின் வாசனையும், தண்ணீர் குழாயில் இறங்கும் முணுமுணுப்பும் திறந்த ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தன. இத்தனை வெளிச்சத்தில் பயப்படுவதற்கே கூச்சமாக இருந்தது. பத்தரைக்கே தன் அறைக்குள் போய், சுவரோடு முதுகை ஒட்டி, நாற்காலியைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்தான். கம்ப்யூட்டர் கறுப்பாகக் கிடந்தது. அதன் திரையில் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்குக் கீழே அவன் தெரிந்தான்.

பக்கத்து அறையில் அக்கா ரேடியோவைத் திருகினாள்.

செய்தி ஆரம்பித்தது.

நாற்காலி அசையவில்லை. அவன் அதன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். கீழே பிரஷ் சத்தம் நின்றது. ஆறு நிமிடம். எட்டு. ஒன்றும் வரவில்லை. எழுத இடமில்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். கால் மரத்துப் போயிருந்தது. நீட்டித் தேய்த்துவிட்டுக்கொண்டான். சாயங்காலம் அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். புதிதாக ஒன்று கட்டிக் கொடுக்க வேண்டும். அவளுக்காக மட்டும்.

ரேடியோ நின்றது.

“வா,” என்றாள் அக்கா, அவள் அறையில். “ஏன் அங்கேயே நிக்கறே?”

அவன் எழுந்தான்.

“இன்னிக்கு உனக்கு எழுதறதுக்கு ஒண்ணும் இல்லையே. என்ன பண்ணப் போறே?” அவள் குரல் இதமாக இருந்தது. குழந்தையிடம் பேசுகிற மாதிரி.

கூடத்தைத் தாண்ட ஏழு எட்டு அடி. வாசல் கதவு பூட்டியே இருந்தது. பார்த்துக்கொண்டே போனான். அக்காவின் அறை வாசலில் யாரும் இல்லை. உள்ளே யாரும் இல்லை. கட்டிலின் ஓரத்தில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கை. போன் தூரத்தில், அலமாரி மேல்.

“அக்கா. யார்கூடப் பேசறே?”

அவள் முகம் அவன் பக்கம் திரும்பியது. காதைத் திருப்பவில்லை. முகத்தைத் திருப்பினாள்.

“நீல சட்டை,” என்றாள்.

“மேல் பொத்தான் மாத்திப் போட்டிருக்கே. தாடையில ரெண்டு நாள் தாடி. தலை நரைச்சுப் போச்சேடா உனக்கு.”

தன் சட்டையைத் தொட்டுப் பார்த்தான். பொத்தான் மாறியிருந்தது.

“நீ எனக்கு எழுதினே இல்ல. இப்ப நான் உனக்குச் சொல்றேன். நீ வாசப்படில நிக்கறே. உனக்குப் பின்னால...”

அவள் நிறுத்தினாள்.

பார்வை போன நாளிலிருந்து ஒரே இடத்தில் உறைந்து கிடந்த அந்தக் கண்கள் நகர்ந்தன. அவன் முகத்தைவிட்டு மேலே ஏறின. நெற்றி. தலை. தலைக்கு மேல். இன்னும் மேல். கதவு நிலையையும் தாண்டி, சுவரும் கூரையும் சேரும் இடம்வரை போய் நின்றன. கண்மணிகள் சுருங்கிக் கூர்மையாயின.

அவன் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

அக்காவின் கண்கள் மறுபடி கீழே இறங்கத் தொடங்கின. மெதுவாக. யாரோ இடுப்பை மடித்துக் குனிய, அந்த முகத்தை விடாமல் பார்த்துக்கொண்டே வருவதுபோல. இறங்கி, இறங்கி, அவன் வலது காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.