சுவர் எட்டாத இடம்

அடுப்புப் புகையால்தான் இருமல் என்றாள், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராசம்மா அக்கா. ஆனால் சுவருக்கு மேலே புகை எதுவும் வரவில்லை.

சிவானுஜா அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராக்கள் இரண்டுக்கு நடுவே எழுப்பிய சுவர் கூரைத் தகரத்தைத் தொடுவதில்லை. அந்த இடைவெளி வழியாகப் பக்கத்துக் காம்பராவின் தாளிப்பு வாசமும் விளக்கு வெளிச்சமும் குறட்டையும் எப்போதும் இந்தப் பக்கம் வந்துகொண்டே இருக்கும். தொற்று என்று சொல்லி, சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. லயத்தின் இரு முனைகளிலும் கயிறு கட்டி, வாசற்படியைத் தாண்டக்கூடாது என்று அறிவித்த பிறகு, இருமல் மட்டும்தான் வந்தது. ஈரமான, அவசரமில்லாத இருமல். யாரோ கேட்கவேண்டும் என்பதற்காகவே இருமுவது போல.

மறைக்கிறாள். நிச்சயமாக மறைக்கிறாள்.

"அக்கா, பி.எச்.ஐ. ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருவமா?"

"எதுக்கு? என்னோட சேத்து ஒன்னையும் பஸ்ஸுல ஏத்தித் தொற்று முகாமுக்குக் கொண்டுபோகவா? போலீஸ்காரி மாதிரி விசாரிக்காத புள்ள. இந்தா, புடி."

வழக்கம்போல் சுவருக்கு மேலே ஒரு செம்பு நீண்டது. கொத்தமல்லித் தண்ணீர். கறியோ, மருந்தோ, கைமாற்றுச் சீனியோ, எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். மறுத்தால் அப்புறம் பேச்சு இருக்காது. கட்டிலில் ஏறி வாங்கினாள். செம்பு சில்லென்றிருந்தது. கொட்டிவிட நினைத்துக் கீழே வைத்துவிட்டு, கை கழுவத் திரும்பினாள். அதற்குள் சின்ன மகள் மேனுஷா பாதியைக் குடித்திருந்தாள்.

மறுநாள் பிள்ளையின் உடம்பு சுட்டது. தூறலில் முகக்கவசத்தோடு பி.எச்.ஐ. இந்திரஜித் கயிற்றுக்கு அப்பால் வந்து நின்றபோது, சிவானுஜா வாசலிலிருந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"ஐயா, புள்ளைக்குக் காய்ச்சல். பக்கத்து ராசம்மா அக்காகிட்டருந்துதான். இருமிக்கிட்டே இருக்காங்க, சொல்ல மாட்டேங்கிறாங்க."

அவர் கையிலிருந்த பெயர்ப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார்.

"ஒங்களுக்கு யாரும் சொல்லலையாம்மா? ஹாலிஎலயில மக வீட்டுக்குப் போன எடத்துல காய்ச்சல்ல விழுந்தவங்க, திரும்பி வரவே இல்ல. அவங்களுக்குத் தொற்று இருக்குன்னு தெரிஞ்சப்புறந்தான் இந்த லயத்தையே மூடுனோம். முந்தாநேத்து ஆஸ்பத்திரியில முடிஞ்சிருச்சு."

"நேத்துப் பேசினாங்களே ஐயா."

அவர் கையை மட்டும் நீட்டிக் காட்டினார். இத்தனை நாளும் படியைத் தாண்டாதவள் இப்போதுதான் எட்டிப் பார்த்தாள். பக்கத்துக் கதவில், வெளிப்புறம், பூட்டு.

அப்படியானால் அந்தத் தண்ணீர்.

உள்ளே மேனுஷா சிரித்தாள்.

சிவானுஜா திரும்பினாள். அரை இருட்டு. ஈரச் சாம்பல் வாடை.

பிள்ளை கட்டிலில் எழுந்து நின்று, தூக்கச் சொல்லும்போது செய்வது போல, இரு கைகளையும் மேலே நீட்டியிருந்தாள். சுவரின் உச்சியிலிருந்து இரண்டு கைகள் இறங்கிக்கொண்டிருந்தன. இறங்கின. இன்னும் இறங்கின. முழங்கை வரவே இல்லை.

மேனுஷாவின் குதிகால்கள் மெத்தையை விட்டு மெல்ல எழும்பின.