ஹெட்டிக்குப் பின்னால் ஒரு வரிசை

1991ஆம் ஆண்டு ஜூன் மாதம் விம்பிள்டனில் மழை விட்டபாடில்லை. டென்னிஸ் போட்டி தொடங்கி ஒரு வாரம் ஆகிவிட்டது. ஆடிய நேரத்தைவிடப் புல்தரையைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்த நேரமே அதிகம். ஆடி முடிக்க வேண்டிய ஆட்டங்கள் மலைபோலக் குவிந்துவிட்டன.

அதனால் அந்தப் போட்டியின் வரலாற்றில் அதுவரை நடக்காத ஒன்று நடந்தது. நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமை எப்போதும் ஓய்வு நாள். அந்த வழக்கத்தைத் தள்ளிவைத்து, ஞாயிறன்றும் ஆடலாம் என்று முடிவு செய்தார்கள். அன்றைக்கு முன்பதிவு கிடையாது. வரிசையில் வந்து நிற்பவர்களுக்குச் சீட்டு. சென்டர் கோர்ட் என்கிற நடு அரங்கத்தில்கூட, முதலில் வருபவர்கள் பிடித்த இடத்தில் உட்காரலாம்.

சனிக்கிழமை வானொலியில் இதைக் கேட்டதும் ஹெட்டி குதித்த குதியில் அவர்கள் வீட்டு நாய் மேசைக்கடியில் போய் ஒளிந்துகொண்டது.

ஹெட்டிக்குப் பத்து வயது. அவள் வீடு மைதானத்திலிருந்து நான்கு தெரு தள்ளி இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் கூட்டம் ஆரவாரம் செய்வது அவள் அறை ஜன்னல் வழியே கேட்கும். ஆனால் நடு அரங்கத்தின் உள்ளே அவள் கால் வைத்ததே இல்லை. அவளுடைய அப்பா ரெஜ்ஜும் போனதில்லை. அவர் மாடி பஸ் ஓட்டுநர். தினமும் மைதானச் சுவரை ஒட்டித்தான் பஸ் போகும். மாடியில் உட்கார்ந்திருக்கும் பயணிகளுக்குக் கொஞ்சம் பச்சை தெரியும். கீழே உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குச் சுவர் மட்டும்தான் தெரியும்.

ஞாயிறு காலை இருவரும் கிளம்பினார்கள். மைதானச் சுவர் ஓரமாகப் பாதி தூரம் நடந்தபின் அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஐயையோ! சாண்ட்விச்சை அடுப்படி மேசையிலேயே வச்சுட்டு வந்துட்டேன். பொழுதுக்கும் பட்டினி கிடக்க முடியுமா? நீ இந்தத் தபால் பெட்டி பக்கத்துலயே நில்லு. இதோ ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"சீக்கிரம் வாங்கப்பா! வரிசை நீண்டுடும்!"

"நகராதே!" என்று சொல்லிக்கொண்டே அப்பா ஓடினார்.

சிவப்புத் தபால் பெட்டிக்கு எதிரே சுவரில் ஒரு சிறிய பச்சைக் கதவு இருந்தது. அது பூட்டிக் கிடந்தது. ஹெட்டி அதைப் பார்த்தபடி கைகட்டி நின்றாள். உண்மையான வரிசை அங்கே இல்லை. சாலை வளைவுக்கு அப்பால், பூங்காவைச் சுற்றிக்கொண்டு அது போயிருந்தது. அது அப்பாவுக்குத் தெரியும், ஹெட்டிக்கும் தெரியும்.

சற்று நேரத்தில் ஒரு வயதான மனிதர் கைத்தடி ஊன்றி வந்தார். வைக்கோல் தொப்பி, கக்கத்தில் செய்தித்தாள். ஹெட்டியைப் பார்த்தார். பச்சைக் கதவைப் பார்த்தார். தொப்பியை லேசாகத் தூக்கி வணக்கம் சொன்னார். பிறகு அவளுக்குப் பின்னால் ஓரடி இடம்விட்டு நின்றுகொண்டார்.

இவரும் யாருக்கோ காத்திருக்கிறார் போல என்று ஹெட்டி நினைத்தாள்.

அடுத்து ஒரு பருமனான அம்மாள், தேநீர்க் குடுவையோடு வந்து அவருக்குப் பின்னால் நின்றார். அதற்குப் பின்னால் குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு ஒரு தம்பதி. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அந்த ஊரில் ஒருவர் பின்னால் ஒருவர் நின்றால் அது வரிசை. வரிசையைப் பார்த்தால் போய்க் கடைசியில் நிற்க வேண்டியதுதான். இது எதற்கான வரிசை என்று கேட்பது மரியாதைக் குறைவு.

ஹெட்டி அப்பா வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாய் அந்தச் சாண்ட்விச்சைத் தின்றுவிட்டதும், அப்பா புதிதாக ரொட்டி வெட்டிக்கொண்டிருந்ததும் அவளுக்குத் தெரியாது.

திடீரென்று பின்னால் கும்மாளச் சத்தம் கேட்டது. கன்னத்தில் கொடி வரைந்துகொண்ட இரண்டு கல்லூரிப் பையன்கள் ஓடிவந்தார்கள்.

"டேய், இங்க பாரு! ஒரு மைல் நீளம்னு பயமுறுத்தினாங்க. இவ்வளவுதான் வரிசை!"

"நமக்கு இன்னைக்கு மச்சம்டா!"

ஹெட்டி திரும்பிப் பார்த்தாள். தபால் பெட்டி தொடங்கி, மூன்று விளக்குக் கம்பங்களைத் தாண்டி ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள், குடை பிடித்தவர்கள், ஸ்ட்ராபெரி தின்கிறவர்கள்.

தேநீர்க் குடுவை அம்மாள் குனிந்து, "நீதான் முதல் ஆளா, கண்ணு? ராத்திரியே வந்துட்டியா?" என்று அன்போடு கேட்டார்.

"இல்ல... இப்பதான் வந்தேன்."

"அடக்கத்தைப் பாருங்க மிஸ்டர் பெட்டிஃபர்!" என்றார் அந்த அம்மாள். அவர் பெயர் திருமதி ஓக்லி. அதற்குள் இருவருக்கும் பழக்கமாகிவிட்டது.

கைத்தடிக்காரர் பெட்டிஃபர் தலையசைத்தார். "ஐம்பது வருஷமா ரேடியோவுல கேக்கறேன். சென்டர் கோர்ட்டுல உட்காரணும்னு ஆசை. இன்னைக்கு நான் ரெண்டாவது ஆள். நம்பவே முடியல."

ஹெட்டி அப்பா வரும் வழியை மறுபடியும் எட்டிப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து அப்பா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். ஒரு கையில் பொட்டலம், மறு கையில் குடை.

"என்னம்மா இது? யாரு இவங்கல்லாம்?"

ஹெட்டி அவர் காதில் கிசுகிசுத்தாள். அப்பாவின் கண்கள் விரிந்தன.

"உன் பின்னாடியா? எல்லாருமா?"

"நான் ஒண்ணுமே செய்யலப்பா. நின்னேன், அவ்வளவுதான்."

அப்பா சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். "சரி. சத்தம் போடாம நழுவிடுவோம். கதவு திறக்கலைன்னா அவங்களே புரிஞ்சுப்பாங்க. வா, நேரமாச்சு."

ஹெட்டி ஒரு காலை எடுத்துவைத்தாள். பெட்டிஃபரும் ஒரு காலை எடுத்துவைத்தார். திருமதி ஓக்லியும் எடுத்துவைத்தார். வரிசை முழுவதும் ஓரடி முன்னால் நகர்ந்தது. "நகருது! நகருது!" என்று பையன்கள் கத்தினார்கள்.

ஹெட்டி நின்றுவிட்டாள்.

"முடியாதுப்பா. அவங்க புரிஞ்சுக்கறதுக்குள்ள சீட்டு தீர்ந்துடும்."

அப்பா ஏதோ சொல்ல வருவதற்குள் அவள் தபால் பெட்டி அடியில் இருந்த கல்மேடை மேல் ஏறிவிட்டாள்.

"எல்லாரும் மன்னிக்கணும்! இது வரிசை இல்ல! நான் எங்க அப்பாவுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன்! நிஜ வரிசை அந்தப் பக்கம், பூங்கா பக்கத்துல இருக்கு!"

ஸ்ட்ராபெரி தின்றவர் திறந்த வாயோடு நின்றார்.

மழைக்கோட்டு போட்ட ஒருவர் எரிச்சலோடு கேட்டார்: "அப்புறம் எதுக்கும்மா நீ வரிசையில நின்னே?"

"நான் ஒரே ஆள்தான் சார் நின்னேன். ஒரு ஆள் எப்படி சார் வரிசையாக முடியும்?"

யாரோ சிரித்தார்கள். மழைக்கோட்டுக்காரரின் காது சிவந்தது. பச்சைக் கதவில் 'இவ்வழி அனுமதி இல்லை' என்று எழுதியிருப்பதை எல்லாரும் அப்போதுதான் படித்தார்கள். படித்தபின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார்கள்.

கல்லூரிப் பையன்கள் மட்டும் ஷூ நாடாவை இறுக்க ஆரம்பித்தார்கள். ஒருவன் மற்றவனிடம், "ஓடினா முன்னாடி இடம் புடிச்சுடலாம்டா," என்றான். இன்னும் சிலரும் பைகளைத் தோளில் மாட்டினார்கள்.

ஹெட்டி பெட்டிஃபரின் கைத்தடியைப் பார்த்தாள். குழந்தை வண்டியைப் பார்த்தாள். எல்லாரும் ஓடினால், முன்னால் நின்ற இவர்கள் கடைசியாகிவிடுவார்கள்.

"யாரும் ஓடாதீங்க!" என்றாள். "இது தப்பான இடம்தான். ஆனா வரிசை சரியாத்தானே இருக்கு? யார் முதல்ல வந்தாங்க, யார் அடுத்துன்னு எல்லாருக்கும் தெரியும். அப்படியே நடந்து போகலாம். மிஸ்டர் பெட்டிஃபர் முதல்ல. அவர் எவ்வளவு வேகமா நடக்கறாரோ, அவ்வளவு வேகம்தான் எல்லாரும்."

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திருமதி ஓக்லி திரும்பி, குடுவையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டார்: "என்ன தம்பிங்களா, வரிசையை முந்தப் போறீங்களா?"

அந்த ஊரில் அதைவிடப் பெரிய திட்டு கிடையாது.

"ச்சே ச்சே! ஷூ நாடா அவுந்துடுச்சு மேடம்," என்றான் ஒருவன் அவசரமாக.

அப்பா மகளைப் பார்த்தார். குடையை அவளிடம் நீட்டினார். ஹெட்டி அதைக் கொடிபோல உயர்த்திப் பிடித்து முன்னால் நடந்தாள். வரிசை கலையாமல், நசுங்காமல், நத்தை வேகத்தில் சாலையில் ஊர்ந்தது. வழியில் வந்தவர்கள் இதையும் வரிசை என்று நம்பி, கடைசியில் சேர்ந்துகொண்டே போனார்கள்.

பெட்டிஃபருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இந்தப் போட்டி எப்படி ஆரம்பிச்சதுன்னு தெரியுமா? ஒரு ரிப்பேரால."

"கதை விடாதீங்க," என்றார் திருமதி ஓக்லி.

"நிஜமாத்தான். 1877. கிளப்புல புல்தரையை அமுக்கற உருளை கெட்டுப்போச்சு. குட்டைக் குதிரை இழுக்கற உருளை. அதைச் சரிபண்ணப் பணம் வேணும். ஒரு டென்னிஸ் போட்டி வச்சா என்னன்னு யோசிச்சாங்க. வச்சாங்க. ஃபைனல் அன்னைக்கு என்ன ஆச்சு சொல்லு பார்ப்போம்."

"மழையா?" என்றாள் ஹெட்டி.

"மழையேதான்! தள்ளி வச்சாங்க."

"1922-ல இந்தப் புது மைதானத்துக்கு வந்தாங்களே, அந்த வருஷம் தினமும் மழையாம். எங்க அம்மா சொல்வாங்க," என்றார் திருமதி ஓக்லி. "ரெண்டாவது உலகச் சண்டை சமயத்துல சென்டர் கோர்ட் மேல குண்டு விழுந்துச்சு. மைதானத்துக்குள்ள பன்னி வளர்த்தாங்க, கோழி வளர்த்தாங்க."

"பன்னியா? டென்னிஸ் மைதானத்துலயா?" பின்னாலிருந்து பையன் கேட்டான்.

"ஆமா தம்பி. அதுங்க முந்தாம வரிசையா நின்னுதான் தின்னுச்சாம்."

சிரிப்பு வரிசையின் கடைசி வரை போய்ச் சேர்ந்தது.

உண்மையான வரிசையின் கடைசியில் ஓர் இளம்பெண் ஆப்பிள் தின்றபடி நின்றிருந்தாள். குடை பிடித்த சிறுமியின் பின்னால் ஒரு முழு வரிசையே நடந்து வருவதைப் பார்த்து அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"இவங்கல்லாம் உங்களுக்குப் பின்னாடிதான்," என்றாள் ஹெட்டி பணிவோடு.

ஒவ்வொருவராக அவரவர் இடத்தில் நின்றார்கள். பெட்டிஃபர் தனக்கு முன்னால் கைகாட்டினார். "வா, நீதான் முதல்ல."

ஹெட்டி தயங்கினாள். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"இல்ல சார். நான் அங்க வரிசையில நிக்கலையே. இப்பதான் நிக்கப்போறேன். கடைசியிலதான் நிக்கணும்."

அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். நடந்தாள், நடந்தாள்... அவர்கள் போய்ச் சேர வெகுநேரம் ஆனது.

அங்கே ஒழுங்கு பார்க்கும் ஊழியர் ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். "இங்கேருந்து சென்டர் கோர்ட் சீட்டு கிடைக்குமான்னு சொல்ல முடியாது. இருந்தா உண்டு."

"அவங்ககிட்ட சொல்லாம இருந்திருக்கலாமேன்னு தோணுதா?" என்று அப்பா கேட்டார்.

ஹெட்டி யோசித்தாள். "கொஞ்சமா," என்றாள். "ரொம்பக் கொஞ்சம்."

"எனக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகமா," என்றார் அப்பா. இருவரும் சிரித்தார்கள்.

அப்போது ஒருவர் அவர்களிடம் வந்து, "மன்னிக்கணும், இதுதான் வரிசையா?" என்று கேட்டார்.

"ஆமா சார்," என்றாள் ஹெட்டி. "இது நிஜமான வரிசை."

மைதானத்தின் வாசல் கதவு திறந்தது. வரிசை மெல்ல மெல்ல நகர்ந்தது. சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்கு அருகே வந்தபோது ஹெட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உள்ளே இருந்தவர் எதையோ புரட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"சென்டர் கோர்ட் ரெண்டா? இருக்கு. ஆனா இடம் நீங்கதான் தேடிக்கணும். உள்ளே ஜேஜேன்னு இருக்கு."

படியேறி உள்ளே போனதும் இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பச்சை! ஜன்னல் வழியே சத்தமாக மட்டும் கேட்ட இடம், சுவராக மட்டும் தெரிந்த இடம், இப்போது கண்ணெதிரே விரிந்து கிடந்தது. அப்பா தொப்பியைக் கழற்றினார்.

ஆனால் உட்கார இடம்? எங்கு பார்த்தாலும் தலைகள். இந்தப் பக்கம் போனார்கள், அந்தப் பக்கம் போனார்கள். ஒரு நாற்காலிகூடக் காலியில்லை.

"நின்னுகிட்டே பார்க்கலாம்பா," என்றாள் ஹெட்டி.

"ஏய், குடைக்காரி! இங்க!"

கன்னத்தில் கொடி வரைந்த பையன்கள் இருவரும் நாற்காலி மேல் ஏறி நின்று கையாட்டினார்கள். அவர்களுக்கு முன்வரிசையில் திருமதி ஓக்லி. அவருக்குப் பக்கத்தில் பெட்டிஃபர். பெட்டிஃபருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி மேல் வைக்கோல் தொப்பி. அடுத்த நாற்காலி மேல் செய்தித்தாள்.

"எத்தனை பேர் வந்து கேட்டாங்க தெரியுமா?" என்றார் திருமதி ஓக்லி. "யார் இந்த நாற்காலியைப் பார்த்தாலும் இவர் இருமினார். இருமி இருமியே எல்லாரையும் துரத்திட்டார்."

"தொண்டையே போச்சு," என்றார் பெட்டிஃபர், தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டே. "உட்காரும்மா. சார், நீங்களும் உட்காருங்க."

மழைக்கோட்டுக்காரர் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார். அவரும் துணைக்கு வருவது போல ஒருமுறை இருமிவைத்தார்.

வெள்ளை உடையில் ஆட்டக்காரர்கள் புல்தரைக்கு வந்தார்கள். அரங்கமே எழுந்து கத்தியது. ஆண்டாண்டாக மெதுவாகக் கைதட்டிப் பழகிய அந்த இடத்தில் பாட்டும் விசிலும் பறந்தன. அப்பாவும் விசில் அடித்தார். அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது ஹெட்டிக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு எல்லாரும் சட்டென்று அடங்கினார்கள். பந்து மேலே எழும்பியது. 'டொக்' என்று ஓர் அடி. அத்தனை தலைகளும் ஒன்றாக இடப்பக்கம் திரும்பின, ஒன்றாக வலப்பக்கம் திரும்பின. நடுவே ஹெட்டியின் தலையும்.