சிஸ்டர் அம்சவல்லி

"குடத்தைக் கீழ வை, வேலம்மா! சாமி மாத்துன வீட்டுப் பாலு ஆத்தாளுக்கு ஆகாதுலா!"

மாரியம்மன் திருவிழாக் காலை. பனியில் ஈரத்தலையோடு நின்றவளின் கையிலிருந்து பால்குடத்தைப் பிடுங்கினாள் மூத்தார் மனைவி மணியம்மா. தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனமே வேடிக்கை பார்த்தது. கணவன் நாகப்பன், பக்கத்தில் நின்ற அண்ணன் தங்கையாவுக்குப் பயந்து தலைகுனிந்துகொண்டான்.

"எம் மக மாறல அக்கா... சத்தியமா மாறல!"

"ஒன் மூத்தாரு காதால கேட்டுட்டு வந்தாரே, அது பொய்யா?"

இந்தியாவில் பாதிரிமார் நடத்தும் ஒரு பல்கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்ததே போன வருஷம்தான். மகள் அம்சவல்லியை அங்கே படிக்கவைக்க, வேலம்மா வாரமெல்லாம் முதுகில் கூடையோடு தேயிலைக் கொழுந்து கிள்ளினாள். ஞாயிற்றுக்கிழமை கியா பார்ம் காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோஸ் வெட்டினாள். சென்ற மாதம் இந்தியாவுக்குக் கோயில் யாத்திரை போன மூத்தார் தங்கையா, தம்பி மகளைப் பார்க்கப் பல்கலைக்கழக வாசல்வரை போனார். "சிஸ்டர் அம்சவல்லி வகுப்புல இருக்காங்க" என்றான் ஒரு பையன். சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரிதானே! பார்க்காமலே திரும்பிவிட்டார். அன்றிலிருந்து வேலம்மா வைத்த குழம்பை அந்த வீட்டில் யாரும் தொடவில்லை.

அந்நேரம் மலையடிவாரத்துத் தாப்பா டவுனிலிருந்து டாக்ஸி வந்து நின்றது. விடுமுறைக்கு வந்த அம்சவல்லி பெட்டியோடு இறங்கினாள். நெற்றியில் திருநீறு, குங்குமம்!

விஷயம் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஐயோ பெரியப்பா! ஆயிரம் பசங்களுக்கு நடுவுல நாங்க ஒரு கைப்பிடி பொண்ணுங்க. பேரு சொல்லிக் கூப்பிட அவனுங்களுக்கு வெக்கம். பொண்ணுன்னா சிஸ்டர்தான்! வாசல் கூட்டுற ஆயாவும் சிஸ்டர்தான்! நான் விரதம்னு சொன்னதும் விடுதி மதர் எனக்குத் தனியா சோறு வடிச்சாங்க... நீங்க என்னடான்னா!"

தாயின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "என்னாலயாம்மா இவ்வளவு பேச்சு கேட்ட?"

தங்கையா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஆஸ்பத்திரி சிஸ்டரும் மாதா கோயில் சிஸ்டரும்தான் எனக்குத் தெரியும்மா... ஏ நாகப்பா, நான் சொன்னா நீயாச்சும் எதுத்துப் பேசக்கூடாதாடா?"

"தப்புதாண்ணே," நாகப்பன் மனைவியின் பக்கம் திரும்பினான். "மன்னிச்சுடு வேலம்மா..."

மணியம்மா அழுதபடி ஓரகத்தியைக் கட்டிக்கொண்டாள். "நீயே தூக்கு தாயீ... நீ முன்னால போ!"

வேலம்மா கண்ணைத் துடைத்தாள்.

"நான் சுமந்தது போதும் அக்கா. எம் மக தலையில வைங்க!"

மேளம் அதிர்ந்தது. மகள் குடம் ஏந்தி வர, முதுகில் கூடையில்லாமல், வெறுங்கையை வீசிக்கொண்டு, ஊர்வலத்துக்கே முன்னால் நடந்தாள் வேலம்மா.