சீனித் தூளுக்குக் கீழே

ரதி குப்பைப் பையை கராஜ் வாசல்வரை இழுத்து வந்துவிட்டாள். கீதன் காரை அரைகுறையாக நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"விடும் தம்பி. கோழி பட்ட சாமான், வீட்டுக்குள்ள வைக்கேலாது."

"அக்கா, உதுதான் எவிடென்ஸ்."

பின்னால் நிதானமாக இறங்கி வந்தாள் கோணேஸ்வரி. காப்புறுதிக் கம்பனியில் கள்ளக் கிளெய்ம் பிடித்தே ஓய்வு பெற்றவள். கீதன் வீடு விற்கும் முகவர். வீடு விற்காத நாட்களில் அவளுக்குத் துணை. அந்த நாட்கள்தான் அதிகம்.

"ஹோலுக்குச் சொல்லிட்டீங்களோ?" என்றாள் கோணேஸ்வரி.

"நாளைக்குச் சொல்லுவன், கலியாணம் இல்லையெண்டு."

ரதியின் குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. வானொலியில் காலநிலை வாசிப்பதுபோல் இருந்தது.

அடுத்த மாதம் அவள் மகன் மிதுனனுக்கும் மொரோக்கோப் பெண் ஹனானுக்கும் கலியாணம். இன்று ஸ்ரௌவ்வில் நகரில், ரதியின் வீட்டில் சம்பந்தி விருந்து. ஹனானின் தாய் லத்தீஃபா 'செஃபா' கொண்டுவந்திருந்தாள். ஆவியில் அவித்த குஸ்குஸ். பிட்டு மணியைவிடச் சின்னது. வெண்ணெய் சேர்த்து மலையாகக் குவித்து, மேலே ஐசிங் சீனியும் கறுவாப்பட்டைத் தூள் கோடுகளும். அவர்கள் ஊரில் கலியாணமோ பிள்ளைப்பேறோ, அது இல்லாமல் விருந்து இல்லை.

"இவர் முட்டை போட்ட கேக் மணத்துக்கே எழும்பிப் போற மனிசன்," என்றாள் ரதி. "'இனிப்பு அளவா இருக்கு' எண்டு சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். கடைசியில பார்த்தா, கோப்பையில கோழி எலும்பு. எங்களைக் கேவலப்படுத்த வேணுமெண்டு செய்தவை."

இவர்களைப் போனில் கூப்பிட்டுவிட்டு மிதுனன் ஹனானோடு வெளியே போய்விட்டான். வரவேற்பறையில் லத்தீஃபா கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். எதிரே ரதியின் கணவர் சிவபாதம், சத்தம் நிறுத்திய தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீதன் பையை உள்ளே தூக்கிவந்தான்; கோணேஸ்வரி தரையில் பேப்பர் விரித்து அதைப் பிரித்தாள். உள்ளே சிவபாதம் சாப்பிட்ட கோப்பையும் செஃபாத் தட்டும், சரிந்த குவியலைச் சுற்றிப் பொரித்த பாதாம். ஒரு பக்கம் மட்டும் குடையப்பட்டிருந்தது. குசினியில் அடுப்பருகே கைபடாத இன்னொரு தட்டு, அதில் பேரீச்சம்பழம்.

"இரண்டு தட்டு ஏன்?" என்று லத்தீஃபாவை ஆங்கிலத்தில் கேட்டாள் கோணேஸ்வரி.

லத்தீஃபாவும் ஆங்கிலத்திலேயே சொன்னாள். "பேரீச்சம்பழம் வைத்தது உங்களுக்கு. பாதாம் வைத்தது எங்கள் ஆட்களுக்கு. அதன் நடுவில் கோழி புதைத்திருக்கும். எங்கள் வழக்கம்."

"அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே?" என்று கீதனும் ஆங்கிலத்தில் கேட்டான்.

"பரிமாறும்போது சொல்ல இருந்தேன். எங்களில் செஃபா கடைசியில்தான் வரும், பழத்துக்கு முன்னால். நான் காரில் பழம் எடுத்து வருவதற்குள் அது மேசைக்குப் போய்விட்டது."

கோணேஸ்வரி ரதியைப் பார்த்தாள். "நீங்கள்தானே தூக்கி வைச்சது?"

"நல்ல காரியத்துக்கு இனிப்புத்தானே முதல்..." ரதி பாதியில் நிறுத்தினாள்.

"கிட்ட இருந்த தட்டைத் தூக்கியிருக்கிறீங்கள். சீனி போட்டிருந்தா அது சைவம். எங்கட சனம் அதுக்குமேல யோசிக்காது. லட்டுக்குள்ள மீன் இருக்கோ எண்டு ஆர் தேடுறது?"

கீதனுக்குச் சிரிப்பு வந்தது. ரதியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"அப்ப ஒருத்தரும் செய்யேல்லை," என்றாள் ரதி. அதையும் காலநிலைபோலவே சொன்னாள்.

"கேஸ் குளோஸ்," என்றான் கீதன்.

"இல்லை. தட்டு மாறினது சரி. சாப்பிட்ட அண்ணைக்கு ஏன் விளங்கேல்லை?" கோணேஸ்வரி சிவபாதத்தின் கோப்பை விளிம்பில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளை விரலால் தேய்த்தாள். "ஐசிங் சீனி மாப்போல வழுக்கும். இது நறநறக்குது."

மேசையில் மாங்காய்க்குத் தொட வைத்த கிண்ணத்திலிருந்த வெள்ளைத் தூளைக் கீதன் தொட்டு நாக்கில் வைத்தான். "உப்பு."

"அண்ணை அதைச் சீனியெண்டு அள்ளிப் போட்டிருக்கிறார். போட்டிட்டுத்தான் இனிப்பு அளவா இருக்கெண்டவர்."

எல்லோரும் சிவபாதத்தைப் பார்த்தார்கள். அவர் தொலைக்காட்சியை அணைத்தார்.

"மெத்தெண்டு இருந்தது, பேரீச்சம்பழமாக்கும் எண்டு நினைச்சன். எனக்கு மணமும் தெரியாது, ருசியும் தெரியாது. தலைக்குள்ள ஒரு கட்டி. பனி கொட்ட முந்தியே டொக்டர் சொன்னவர்."

ரதி அவருக்கு முன்னால் வந்து நின்றாள். "எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் கலியாணத்தைத் தள்ளி வைப்பீர்."

"ஒப்பரேசன் செய்யலாமாமோ, அண்ணை?" என்றாள் கோணேஸ்வரி.

"ஓம். திகதியும் தந்தவை." அவர் மனைவியைப் பார்க்கவில்லை. "பெடியன்ர கலியாணத்தண்டைக்கு. வரேலாது எண்டு போன கிழமை ஆஸ்பத்திரிக்குச் சொல்லிப்போட்டன்."