கண்ணை மூடுங்க... ஞாபகம் வரும்!

'டங்ங்ங்...!'

வெண்கல மணி ஒலித்தது.

காலை மணி ஆறு நாற்பது.

செம்பாக்கம் ஏரியைப் பார்த்த அந்த மாடி ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்கள் பத்துப் பேர். ஒன்பது பேர் கண்களைத் திறந்தார்கள்.

பத்தாவது ஆள் திறக்கவில்லை.

"பட்டாபிராமன் சார்... மணி அடிச்சாச்சு!" மணி அடித்த கெசியா சிரித்துக்கொண்டே அவர் அருகில் போனாள். "தூங்கிட்டீங்களா?"

தோளைத் தொட்டாள்.

சுவரில் சாய்ந்திருந்த பட்டாபிராமன், ரிடையர்டு கணக்கு வாத்தியார், வயது அறுபத்து மூன்று... அப்படியே பக்கவாட்டில் சரிந்தார்.

"ஆ...!"

கெசியா அலறிய அலறலில் கீழே கேட்டில் இருந்த வாட்ச்மேன் டீ கிளாஸைத் தவறவிட்டான்.

*

இன்ஸ்பெக்டர் தேவானந்தத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. சட்டைப் பையில் எப்போதும் ரத்த அழுத்த மாத்திரை இருக்கும். மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. குனிந்து பிணத்தின் முகத்தைப் பார்த்தார்.

"ரோஹிணி... இந்த முகத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கேன்."

"தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்துல பார்த்திருப்பீங்க சார். அங்க பார்க்காத முகமா?" என்றாள் சப்-இன்ஸ்பெக்டர் ரோஹிணி.

தேவானந்தம் அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்!

"என்ன டாக்டர் நடக்குது இங்க?"

ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் ஷ்யாம்சுந்தர், தகவல் கேட்டு அப்போதுதான் வீட்டிலிருந்து ஓடி வந்திருந்தார். "ஆராய்ச்சி சார். தினமும் தியானம் பண்ணினா பி.பி., தூக்கம், மனசு எல்லாம் சரியாகுதான்னு மூணு மாசமா பாக்கறோம். காலைல ஆறுல இருந்து ஆறு நாற்பது வரைக்கும். எல்லார் கையிலயும் ஒரு பேண்ட் கட்டியிருக்கும். நாடித்துடிப்பு, நடமாட்டம் எல்லாம் பதிவாயிடும்."

"இந்த டிரேல ஊசி எதுக்கு?"

"ஆறு பத்துல இருந்து கெசியா ஒவ்வொருத்தர் விரல்லயும் லேசா குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பா. அப்பவும் யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது. குத்தினா குத்தறதை கவனிக்கணும். சத்தம் கேட்டா சத்தத்தை கவனிக்கணும். பதிலுக்கு எதுவும் செய்யக் கூடாது. அதுதான் பயிற்சியே!"

"ஓஹோ... கத்தியால குத்தினாலும் கவனிச்சிட்டே இருப்பாங்களா?"



பட்டாபிராமனுக்கு விரலில் ஒரு குத்து இருந்தது. அது கெசியாவுடையது. மேல் கையில் இன்னொரு குத்து இருந்தது. அது யாருடையது?

ஹால் மூலையில் இருந்த கெசியாவின் குப்பை டப்பாவுக்குள் ஒரு சிரிஞ்ச் கிடந்தது.

தேவானந்தம் சாட்சிகளை வரிசையாகக் கூப்பிட்டார்.

"கண்ணை மூடிட்டிருந்தேன் சார்..."

"கண்ணைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னாங்க சார்..."

"யாரோ நடந்த மாதிரி இருந்துச்சு... கெசியான்னு நெனச்சேன். கண்ணை மூடிட்டிருந்தேனே சார்!"

கொலை நடந்த இடத்தில் ஒன்பது சாட்சிகள். பதினெட்டுக் கண்கள். ஒன்று கூடத் திறந்திருக்கவில்லை! இப்படி ஒரு கேஸை அவர் சர்வீஸிலேயே பார்த்ததில்லை.

"கேமரா?"

"ஆராய்ச்சியில சேர்றவங்களோட அந்தரங்கம் சார்... வைக்கக் கூடாதுன்னு எங்க குழு சொல்லிட்டாங்க."

வாட்ச்மேன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "கேட்டாண்டயே குந்திகினு இருந்தேன் சார். வெளியாள் ஒருத்தரும் உள்ள போவல. இன்னா சத்தியம் வேணா பண்றேன்!"

ஆக, உள்ளே இருந்தவர்களில் ஒருவர்.

கடைசியாக ஒரு ஜோடி வந்தது. ஸ்ரீவத்சன், சிறுசேரியில் சாப்ட்வேர் வேலை. மனைவி ஸ்நேகா, பல் டாக்டர்.

"பல் டாக்டரா? ஊசி போடுவீங்களேம்மா!" தேவானந்தம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஸ்நேகா அலட்டிக்கொள்ளவில்லை. "தினமும் போடறேன் சார். என் ஹஸ்பெண்டுக்கு சுகர், அவரும் தினமும் அவருக்கே போட்டுக்கறார். எங்க மேல சந்தேகம்னா பேண்டைப் பாருங்களேன். யார் எழுந்து நடந்தாங்கன்னு அதுல தெரிஞ்சிடும்."

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. பார்த்தார்கள்.

ஒன்பது பேண்டுகளும் ஒரே பதிலைச் சொல்லின. ஆறிலிருந்து ஆறு நாற்பது வரை, நடந்த அடிகள்... பூஜ்யம்!

யாருமே எழுந்திருக்கவில்லை.

மொத்த ஹாலிலும் பேண்ட் கட்டாதவள், கண் திறந்திருந்தவள், கையில் ஊசி வைத்திருந்தவள் ஒரே ஒருத்தி. இருபத்து நாலு வயது கெசியா!

"நான் ஆறு இருபத்திரெண்டுக்கே பக்கத்து ரூமுக்குப் போயிட்டேன் சார்! ரீடிங் எல்லாம் நோட்டுல எழுதணும். திரும்ப மணி அடிக்கத்தான் வந்தேன். பட்டாபி சார் எனக்கு தினமும் கொய்யாப்பழம் கொண்டு வந்து தருவார் சார். அவரை நான் எதுக்கு..."

"நீ பக்கத்து ரூம்ல இருந்ததை யாரும்மா பார்த்தா?"

கெசியா வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.

*

மறுநாள்.

பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. இதயத்தை நிறுத்தும் மருந்து. ஒரே ஊசி.

கூடவே மேலிடத்திலிருந்து போனும் வந்தது.

"என்ன தேவானந்தம், இன்னும் அந்தப் பொண்ணை ஸ்டேஷன்ல உட்கார வெச்சு வேடிக்கை பாக்கறீங்களா? சாயங்காலம் நாலு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்துங்க!"

"சார், அவ செஞ்சிருப்பான்னு எனக்குத் தோணலை..."

"உங்களுக்குத் தோணறதை எல்லாம் சார்ஜ் ஷீட்ல எழுத முடியுமா?"

போன் துண்டிக்கப்பட்டது. மணி இரண்டே கால்.

ஸ்டேஷன் வாசலில் காலையிலிருந்து ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். கெசியாவின் தாய் சாராள், மிஷன் ஸ்கூல் டீச்சர். கையில் டிபன் பாக்ஸ்.

"சார்... நேத்துல இருந்து அவ சாப்பிடல. இட்லி கொண்டு வந்திருக்கேன். குடுக்கலாமா?"

"குடுங்கம்மா."

"குடுத்தேன் சார். வேண்டாம்னு திருப்பிட்டா. நீங்க சொன்னா சாப்பிடுவா..."

தேவானந்தத்தால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாலு மணிக்கு இந்த அம்மாளின் பெண்ணை ஜீப்பில் ஏற்றப் போவது அவர்தான். அவள் கொலைகாரி இல்லை என்று உள்ளே ஏதோ அடித்துச் சொல்லியது. ஆனால் கையில் ஒரு துரும்பு கூட இல்லை.

"ரோஹிணி! கொலை செஞ்சவன் நெஞ்சு அடிச்சுக்காம இருக்குமா? நாடித்துடிப்பு கிராஃப் எல்லாம் பிரிண்ட் எடுத்துட்டு வா!"

ஒன்பது காகிதங்கள் மேஜைக்கு வந்தன.

எட்டில் பெரிய ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. ஒன்றில் மட்டும் ஆறு இருபத்தைந்துக்கு துடிப்பு எகிறியது. எழுபதிலிருந்து நூற்றிருபது!

"யாரு இது?"

"சுப்ரமணியன் சார். செத்தவருக்கு அடுத்த பாய். ரெண்டு பேரும் இருபது வருஷ சிநேகிதம்."

"கூட்டிட்டு வா!"

சுப்ரமணியன் வந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்பே உடைந்துபோனார்.

"எனக்குக் கேட்டுது சார்!"

"என்ன கேட்டுச்சு?"

"பட்டாபியோட மூச்சு... திணறித்து. ரெண்டு தடவை 'ம்க்... ம்க்'னு. என் முழங்கால்ல அவன் கை வந்து பட்டுது சார்!"

"நீங்க என்ன பண்ணீங்க?"

"கவனிச்சேன்..."

"என்னது?"

"கவனிக்கணும், பதிலுக்கு எதுவும் செய்யக் கூடாதுன்னு மூணு மாசமா சொல்லிக் குடுத்தாளே! கண்ணைத் திறந்தா ஆராய்ச்சி கெட்டுடும்னு... என் பிராணன் அடிச்சுண்டது சார். ஆனா கண்ணைத் திறக்கல. அவன் கை கொஞ்ச நேரம் என் முழங்கால்லயே இருந்தது. அப்புறம் விழுந்துடுத்து. அவன் என்னைக் கூப்பிட்டிருக்கான் சார்! நான் தியானம் பண்ணிண்டு இருந்திருக்கேன்!"

ரோஹிணி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை.

"அவருக்கு விரோதிங்க யாராவது?" தேவானந்தம் மெல்லக் கேட்டார்.

"பட்டாபிக்கா? எட்டு மாசமா அவனுக்கு ஒரே பைத்தியம்தான் சார். கார் நம்பர்! ஏரிக்கரை ரோட்ல விடியற்காலை பெருக்கிண்டிருந்த சுந்தரவல்லியை ஒரு வெள்ளைக் கார் அடிச்சுக் கொன்னுட்டு நிக்காம போச்சே, அதை நேர்ல பார்த்தவன் அவன்தான். பயத்துல நம்பர் மறந்துடுத்து. தியானத்துல உட்கார்ந்தா ஒவ்வொண்ணா ஞாபகம் வந்தது. முடிச்சப்புறம் வட்டமா உட்கார்ந்து அவாவா மனசுல வந்ததைச் சொல்லணும் இல்லையா... அப்ப எல்லார் முன்னாடியும் சொல்லுவான். முதல்ல ஏழுன்னான். அப்புறம் மூணு. திங்கட்கிழமை ஒன்பதுன்னான். 'நாளைக்கு நாலாவது வந்துடும்டா சுப்பு'ன்னான்..."

செவ்வாய்க்கிழமை அவருக்கு வந்தது ஊசி!

தேவானந்தத்தின் முகம் வெளுத்தது. ஏன் என்று ரோஹிணிக்குப் புரியவில்லை.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல. மணி என்ன?"

"மூணு இருபது."

காரணம் கிடைத்துவிட்டது. அந்த வட்டத்தில் உட்கார்ந்து எண்களைக் கேட்ட ஒருவர். ஆனால் ஒருவரும் நகரவில்லை என்கிறதே அந்தப் பாழாய்ப்போன பேண்ட்! தேவானந்தம் ஆத்திரத்தில் காகிதங்களை வாரி ஜன்னல் பக்கம் வீசினார்.

ரோஹிணி பொறுக்கப் போனாள். இரண்டு காகிதங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கினாள். ஜன்னல் வெளிச்சம் பட்டது.

"சார்...!"

"என்ன?"

"ரெண்டு பேப்பர்... ஆனா ஆறு இருபத்திரெண்டுக்கு அப்புறம் கோடு ஒண்ணுதான் தெரியுது!"

தேவானந்தம் பாய்ந்து வந்தார். ஆறு இருபத்துநாலுக்கு ஒரு சின்ன மேடு. இரண்டிலும் அதே விநாடி, அதே உயரம். துடிப்புக்குத் துடிப்பு அப்படியே!

டாக்டருக்கு போன் பறந்தது.

"டாக்டர்! புருஷன் பெண்டாட்டிக்கு இதயம் ஒண்ணா துடிக்குமா?"

"பக்கத்துல உட்கார்ந்தா கொஞ்சம் ஒத்துப்போகலாம் சார்..."

"துடிப்புக்குத் துடிப்பு?"

"வாய்ப்பே இல்ல! ரெண்டு பேண்டையும் ஒரே ஆள் கட்டியிருந்தாத்தான்..."



*

மூன்று நாற்பது.

ஸ்ரீவத்சனும் ஸ்நேகாவும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கையோடு கை கோர்த்திருந்தார்கள்.

"உங்க கார் வெள்ளையா சார்?"

"ஆமா. ஊர்ல பாதி கார் வெள்ளைதான்." ஸ்ரீவத்சன் புன்னகைத்தான்.

"நம்பர் ஏழு, மூணு, ஒன்பது... அப்புறம் ஆறு. பாவம் பட்டாபி சார், ஆறு மட்டும்தான் பாக்கி!"

புன்னகை காணாமல் போனது.

தேவானந்தம் இரண்டு காகிதங்களையும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "ஒருத்தர் ரெண்டு பேண்டையும் கட்டிக்கிட்டு கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க. இன்னொருத்தர் எழுந்து போய் ஊசி போட்டுட்டு வந்திருக்கீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். உட்கார்ந்திருந்தது யாரு?"



கோர்த்திருந்த கைகள் பிரிந்தன.

"நான்தான்!" என்றான் ஸ்ரீவத்சன்.

"நான்தான்!" என்றாள் ஸ்நேகா.

இரண்டு குரல்களும் ஒன்றாகவே வந்தன.

"பொய் சொல்றார் சார்! காரை ஓட்டினது அவர்! ஊசி போட்டதும் அவர்!"

"அடிப்பாவி! மருந்து உன் கிளினிக்ல இருந்துதானேடி வந்துச்சு?"

"எழுதிக்கோ ரோஹிணி!" தேவானந்தம் நாற்காலியில் சாய்ந்தார். "கல்யாணப் பத்திரிகையில ஈருடல் ஓருயிர்னு போடுவாங்க. கொலைக்கு அதையே அலிபியா கொண்டு வந்தது இவங்கதான். ரெண்டு பேரையும் உள்ள போடு. யார் குத்தினதுன்னு ஜெயில்ல சண்டை போட்டு முடிவு பண்ணட்டும்!"

நாலு மணிக்குக் கிளம்பிய ஜீப்பில் கெசியா இல்லை.

வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஆறிப்போன இட்லியை அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாராள் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். சுப்ரமணியன் மட்டும் வீட்டுக்குப் போக மனமில்லாமல், தன் முழங்காலைப் பார்த்தபடி ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை.

*

மாலை ஐந்து மணி. டாக்டர் ஷ்யாம்சுந்தர் ஒரு ஃபைலோடு வந்தார்.

"நீங்க கேட்ட சேர்க்கை விண்ணப்பங்கள் சார். எதுக்காக சேர்றீங்கன்னு அவங்கவங்க கைப்பட எழுதினது. ஸ்ரீவத்சன் 'ஐந்து மாதமாகத் தூக்கம் இல்லை'ன்னு எழுதியிருக்கார், பாருங்க! அப்ப விபத்து நடந்து சரியா அஞ்சு மாசம்."

ரோஹிணி புரட்டிக்கொண்டே போனாள். பட்டாபிராமனின் விண்ணப்பத்தில் நின்றாள். அழகான வாத்தியார் கையெழுத்து.

சத்தமாகப் படித்தாள்.

"'ஏரிக்கரை விபத்தில் நான் பார்த்த கார் எண்ணை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். காவல் நிலையத்துக்கு மூன்று முறை போனேன். முழு எண்ணும் இல்லாமல் கேஸை எடுக்க முடியாது என்றார்கள். இன்ஸ்பெக்டர் சொன்ன யோசனைப்படியே இதில் சேருகிறேன்.' ...எந்த இன்ஸ்பெக்டர் சார் இப்படி யோசனை சொன்னது?"



பட்டாபிராமனின் முகத்தை எங்கே பார்த்தோம் என்பது தேவானந்தத்துக்கு மூன்று இருபதுக்கே தெரிந்துவிட்டிருந்தது. கையில் குடையோடு, இதே மேஜைக்கு எதிரே... மூன்று முறை. மூன்றாவது முறை அவர் அலுத்துப்போய்ச் சொன்னார்: 'வாத்தியாரே, வீட்டுக்குப் போய் கண்ணை மூடி உட்காருங்க... ஞாபகம் வரும்!'

ஸ்டேஷனே சிரித்தது; ரோஹிணி அப்போது இங்கே மாற்றலாகி வந்திருக்கவில்லை. பட்டாபிராமன் மட்டும் அதை நம்பிவிட்டார்.

சுந்தரவல்லியின் ஃபைலில் 'வாகனம் கண்டுபிடிக்க இயலவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் தேவானந்தம்தான்.

சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்தார்.

டாக்டர் கவலையோடு பார்த்தார். "பி.பி. அதிகமா சார்? தப்பா நினைக்காதீங்க... நம்ம ஆராய்ச்சியில இடம் காலியாத்தான் இருக்கு. தினமும் நாற்பதே நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்தா போதும்!"

"நாற்பது நிமிஷமா?" தேவானந்தம் மாத்திரையை விழுங்கினார். "நான் எட்டு மாசமா கண்ணை மூடிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன் டாக்டர்... பி.பி. குறையவே இல்லையே!"